கேளாமையும் இன்மையும்: வேற்றுலக வானொலிக் குறிகைகள் கிடைக்காமை பற்றிய தமிழ்ப் பேச்சு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

புவிக்கு அப்பால் அறிவுடைய உயிர்கள் இருப்பின் அவற்றின் வானொலிக் குறிகைகள் இதுவரை ஏன் கிடைக்கவில்லை என்னும் வினா, தமிழில் பெரும்பாலும் 'அவர்கள் ஏன் வரவில்லை' என்னும் வினாவாக மாற்றப்பட்டே பேசப்படுகிறது. இம்மாற்றம் தமிழ்த் திரைப்படத்திலும் இதழ்த் தமிழிலும் பழந்தமிழ் நூல்களை அறிவியலோடு பொருத்தும் கட்டுரைகளிலும் எவ்வாறு நிகழ்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கேட்போர், காலம், முன்னம் ஆகிய தொல்காப்பியச் செய்யுளுறுப்புகளும், முல்லைத் திணையின் இருத்தல் ஒழுக்கமும், தூது இலக்கிய மரபும் இவ்வினாவைத் தெளிவாகக் கேட்கத் துணைசெய்யும் என்றும், 'சான்று கிடைக்கவில்லை. ஆகவே இல்லை' என்னும் முடிவைத் தமிழாய்வு எந்த நிபந்தனையில் மட்டும் ஏற்கலாம் என்றும் இது வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: வேற்றுலக உயிர், வானொலிக் குறிகை, இருத்தல், தூது, முன்னம், கலை அரசி, அயலான், பல்லாவரம்.

முன்னுரை

இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி 1950ஆம் ஆண்டு லாஸ் அலமோசில் உடன் பணியாற்றியோருடன் உணவருந்தும்போது எழுப்பிய ஐயமே இத்துறையின் தொடக்கமாகக் கூறப்படுகிறது. விண்மீன்கள் இத்துணைப் பலவாக இருக்க, பிற அறிவுயிர்களின் சுவடு ஏன் காணப்படவில்லை என்பது அவர் வினா. 1959இல் கொக்கோனி, மாரிசன் ஆகிய இருவர் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை அவ்வினாவை ஆய்வுச் செயலாக மாற்றியது. ஹைட்ரஜன் அணு இயல்பாக வெளியிடும் 1420 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை எந்த வானியலாளரும் அறிந்திருப்பர். ஆகவே செய்தி அனுப்புவோர் அதனைத் தேர்ந்தெடுக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. அடுத்த ஆண்டே ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்க் நிலையத்தில் இரண்டு விண்மீன்களை நோக்கிக் கேட்டார். குறிகை எதுவும் கிடைக்கவில்லை.

அன்று முதல் 60 ஆண்டுகளுக்கு மேலாகத் தேடல் தொடர்கிறது. உறுதிசெய்யப்பட்ட குறிகை ஒன்றுகூட இல்லை. இதில் கருத்து வேறுபாடு கிடையாது. வேறுபாடு, இதற்கு என்ன பொருள் என்பதில்தான். அறிவுயிர்கள் இருந்திருப்பின் இதற்குள் வந்திருப்பர், வரவில்லை, ஆகவே இல்லை என மைக்கேல் ஹார்ட் 1975இல் வாதிட்டார். தேடியது மிகச் சிறிது என்பது ஜில் டார்ட்டர் போன்றோரின் மறுமொழி. இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடையிலான வழக்கு வானியலுக்கு மட்டும் உரியதன்று. சான்றின்மையைச் சான்றாகக் கொள்ளலாமா என்பது இலக்கிய வரலாற்றிலும் தொல்லியலிலும் நாள்தோறும் எழும் வழக்கு. இக்கட்டுரையின் தேவை அதனாலேயே எழுகிறது.

1. தேடலின் அளவு

குறிகை ஒன்றைக் கேட்க வேண்டுமெனில் சரியான திசை, சரியான அதிர்வெண், சரியான நேரம், போதிய உணர்திறன் ஆகியன ஒருங்கே அமைதல் வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டுத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சேலையூரிலோ செம்பாக்கத்திலோ ஒரே மாடியில் இரு குடும்பங்களின் டிடிஎச் தட்டுகள் அருகருகே நிற்பதைக் காணலாம். இரண்டும் ஒரே வானத்தைப் பார்க்கின்றன. ஆனால் சிறிதே வேறுபட்ட கோணத்தில் வேறு வேறு செயற்கைக்கோள்களை நோக்கியுள்ளன. ஒன்று பெறுவதை மற்றொன்று பெறுவதில்லை. தட்டைச் சில பாகை திருப்பிவிட்டால் திரையில் ஒன்றுமே தோன்றாது. அதனால் செயற்கைக்கோள் இல்லையென்று எவரும் கூறார்.

விண்வெளித் தேடலின் நிலையும் இதுவே. ஆராயவேண்டிய பரப்பைப் புவியின் பெருங்கடல்களாகக் கொண்டால் தேடப்பட்டது ஒரு குவளை நீர் என்பது டார்ட்டர் தந்த உவமை. 2018இல் ஜேசன் ரைட், சுபம் கனோடியா, எமிலி லூபர் ஆகியோர் இதனை மீண்டும் கணக்கிட்டு, குவளையைச் சிறு நீச்சல்குளம் என்னும் அளவுக்கு உயர்த்தினர். கடல் கடலாகவே உள்ளது.

ஆயினும் தேடல் எதனையும் கூறவில்லை என்பதும் சரியன்று. 2015இல் தொடங்கிய 'பிரேக்த்ரூ லிசன்' திட்டம் 2020இல் வெளியிட்ட ஆய்வில் அண்மையிலுள்ள 1,327 விண்மீன்கள் 1.10 முதல் 3.45 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் ஆராயப்பட்டன. நோக்கிய நேரத்தில், அந்த அதிர்வெண்களில், குறிப்பிட்ட ஆற்றலுக்கு மேற்பட்ட ஒளிபரப்பி எதுவும் அத்திசைகளில் நம்மை நோக்கி இயங்கவில்லை என்று அவ்வாய்வைக் கொண்டு கூறலாம். இது வரையறுக்கப்பட்ட எதிர்மறைக் கூற்று, அதனால்தான் பயனுடையது. 'யாரும் இல்லை' என்பது வரையறையற்ற கூற்று. அதனை இவ்வாய்வு கூறவில்லை.

2. வருகைக் கதை

டிரேக்கின் தேடலுக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1963இல், ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'கலை அரசி' வெளிவந்தது. வேற்றுலகத்தார் புவிக்கு வந்து, தம் மக்களுக்கு இசை கற்பிக்கும்பொருட்டுப் பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். இருவேறு உலகங்களை இணைப்பது ஒலி என்னும் கருத்து இப்படத்தின் சிறப்பு. ஆனால் அந்த ஒலி விண்வெளியைக் கடந்து செல்லவில்லை; ஒலிக்குரியவளே கடத்தப்படுகிறாள். தொலைவு கதைக்குள் இடர்ப்பாடாக இல்லை. 2024இல் வெளிவந்த ஆர். ரவிக்குமாரின் 'அயலான்' படத்திலும் வேற்றுலக உயிர் நேரில் வருகிறது. புவிக்கு நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க முற்படுகிறது. தமிழ் என்னும் பெயருடைய நாயகனோடு தமிழிலேயே பேசுகிறது. அறுபதாண்டு இடைவெளியில் தொழில்நுட்பம் பெரிதும் மாறியுள்ளது, அமைப்பு மாறவில்லை. முதற்படத்தில் அயலார் கவர்பவர், இரண்டாவதில் நட்புடையவர். இரண்டிலும் அவர்கள் வருகின்றனர், கண்ட அளவில் பேச்சும் நிகழ்கிறது.

அறிவியல் பிழை காண்பது இங்கு நோக்கமன்று. திரைப்படம் பாடநூலாக வேண்டியதில்லை. 'அயலான்' அயலுயிரைப் பகையாகக் காட்டாமல், புவியின் மீது அக்கறை கொண்டதாகக் காட்டியது தமிழ்த் திரையில் குறிப்பிடத்தக்க மாற்றமே. குறை வேறு. வருகைக் கதை பார்வையாளரைக் காத்திருப்போராக ஆக்குவதில்லை; கேட்டல் என்னும் செயலுக்கு அதில் இடமில்லை. இத்தகைய கதைகளில் பழகியவர்க்குக் குறிகை கிடைக்காமை என்பது விருந்தினர் வாராமை என்றே தோன்றும். 'இதுவரை வரவில்லை, ஆகவே இல்லை' என்னும் ஹார்ட்டின் வாதம், அவரைப் படிக்காதவரிடத்தும் இயல்பாக அமைந்துவிடுகிறது.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் பயின்று, பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய சுஜாதா (1935–2008), வானொலி அலையின் இயல்பைத் தொழிலாலேயே அறிந்த தமிழ் எழுத்தாளர். 'ஏன்? எதற்கு? எப்படி?' வழி அறிவியல் வினாக்களுக்குத் தமிழில் எளிய உரைநடையை அமைத்துத் தந்தவர். ஆயினும் அவருடைய பெரிதும் அறியப்பட்ட அறிவியல் புதினங்களான 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' ஆகியவை அந்நியத்தன்மையை வானத்தில் தேடவில்லை. எதிர்கால அரசிலும் இயந்திரத்திலும் தேடின. அவ்வகையில் அவை முன்னோக்கு உடையன. ஆனால் கேட்டலை மையமாகக் கொண்ட ஒரு கதைமரபு அவருக்குப் பின்னரும் தமிழில் வலுப்பெறவில்லை.

3. சொல்லும் முன்னமும்

இதழ்த் தமிழில் 'சிக்னல்', 'சமிக்ஞை' என்றும் பாடநூல் தமிழில் 'சைகை', 'குறிகை' என்றும் வழங்கும் சொற்கள் இச்சிக்கலைப் பெருக்குகின்றன. 2023ஆம் ஆண்டு சனவரியில் புனேக்கு அருகிலுள்ள மாபெரும் மீற்றர்அலை வானொலித் தொலைநோக்கி வழியாக மிகத் தொலைவிலுள்ள விண்மீன் திரள் ஒன்றின் ஹைட்ரஜன் அலை கண்டறியப்பட்டது. 21 சென்றிமீற்றர் அலை, அண்டம் விரிவதால் ஏறத்தாழ 48 சென்றிமீற்றராக நீண்டு வந்தடைந்தது. இடையிலிருந்த மற்றொரு திரளின் ஈர்ப்பு அதனைப் பெருக்கியமையால் கேட்க முடிந்தது. அது இயற்கையான அணு அலை. ஆயினும் 'விண்ணிலிருந்து சமிக்ஞை' என்ற அளவில் பரவிய செய்தி, சமூக ஊடகங்களில் வேற்றுலகத்தாரின் செய்தியாகவே படிக்கப்பட்டது. சைகை, சமிக்ஞை ஆகிய இரு சொற்களுமே பேச்சுத் தமிழில் ஒருவர் மற்றொருவருக்குக் கருதிச் செய்யும் குறிப்பைச் சுட்டுவன. சொல்லே அனுப்புநரைக் கற்பித்துவிடுகிறது. வந்ததை 'அலை' என்றும், கருவி பிரித்தறிந்ததைக் 'குறிகை' என்றும், அனுப்புநரின் கருத்து உறுதியானபின் மட்டும் 'செய்தி' என்றும் கூறின் இம்மயக்கம் குறையும்.

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கேட்போர், களன், காலம் ஆகியன தனித்தனி உறுப்புகள். கேட்பவர் செய்யுளுக்குப் புறத்தே நிற்பவர் அல்லர், செய்யுளின் உறுப்பு. 'முன்னம்' என்னும் உறுப்போ, ஒரு கூற்று எச்சூழலில் எவரால் எவர்க்கு நிகழ்ந்தது என்பதைக் கூற்றிலிருந்தே உய்த்துணரச் செய்வது. வானொலித் தேடலின் அடிப்படைச் சிக்கலும் முன்னம் பற்றியதே. 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஒகையோவில் 72 வினாடிகள் பதிவான 'வாவ்' குறிகை வலிமையானது. ஆனால் மீண்டும் வரவில்லை. எவர் எவர்க்கு என்பதை உணர்த்தும் எதுவும் அதில் இல்லை. முன்னம் பெறப்படாத கூற்றைக் கூற்றென்று கொள்ள இயலாது.

4. இருத்தலும் தூதும்

தொலைவையும் மறுமொழியின்மையையும் உரிப்பொருளாகவே கொண்ட மரபு தமிழுடையது. முல்லையின் இருத்தல் வெறும் காத்திருப்பன்று. தலைவன் குறித்த கார்ப்பருவம் என்னும் காலவரையறை அதற்கு உண்டு. கார் வரும்வரை தலைவனிடமிருந்து ஒன்றும் வாராமை எதனையும் உணர்த்தாது. கார் வந்தும் அவன் வாராவிடில் அவ்வாராமையே பொருளுடையதாகிறது. காலவரையறை இருக்கும்போதுதான் மௌனம் சான்றாகும்.

குறுந்தொகை 66 இதனை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. கொன்றை பூத்துவிட்டது, தலைவி கலங்குகிறாள். பருவமல்லாத மழையைக் கார் என்று கருதிப் பூத்த அறிவற்ற மரம் அது எனத் தோழி கூறுகிறாள். வானொலி வானியலில் இத்தகைய கொன்றைகள் பல. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் ஆண்டுக்கணக்கில் புதிராக இருந்த அலைத்துடிப்புகள், நிலையத்து மைக்ரோவேவ் அடுப்பின் கதவை முன்கூட்டியே திறந்ததால் எழுந்தவை என 2015இல் தெரியவந்தது. அதே தொலைநோக்கியில் 2019இல் பிராக்சிமா சென்டாரி திசையில் பதிவான குறிகை மனிதக் கருவிகளின் குறுக்கீடே என 2021இல் முடிவுசெய்யப்பட்டது.

ஆனால் அப்பாடலின் துறைக்குறிப்பை மறந்துவிடலாகாது. பருவம் கண்டு வேறுபட்ட தலைவியைப் பருவமன்று என்று தோழி வற்புறுத்தும் துறை அது. தோழி கூறுவது உண்மையா, ஆற்றுவிக்கும் சொல்லா? பருவம் உண்மையிலேயே வந்திருக்கலாம். 'தேடியது சிறிதே' என்னும் மறுமொழியையும் இவ்வையத்தோடுதான் அணுகவேண்டும். எத்துணைத் தேடினும் 'இன்னும் சிறிதே' என்று கூறிக்கொண்டிருப்பின் அது தோழியின் ஆறுதலாகிவிடும். எவ்வளவு பரப்பைத் தேடியும் கிடைக்காவிடில் எதனைக் கைவிடுவோம் என்று தேடுவோர் முன்னரே கூறுதல் வேண்டும். இக்கடப்பாட்டை இருத்தல் ஒழுக்கத்தின் காலவரையறை நினைவூட்டுகிறது.

தூது இலக்கியம் மற்றொரு முனையைக் காட்டுகிறது. 'தமிழ்விடு தூது', 'அழகர் கிள்ளைவிடு தூது' போன்றவற்றில் தூதுப்பொருளின் சிறப்பும் சொல்லவேண்டிய செய்தியும் விரிகின்றன. மாலை வாங்கி வருமாறு வேண்டுவதோடு நூல் முடிகிறது. மறுமொழி பொதுவாக நூலின் பகுதியாவதில்லை. 1974 நவம்பர் 16 அன்று அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து அனுப்பப்பட்ட 1,679 துணுக்குகள் கொண்ட செய்தி, ஏறத்தாழ 25,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம்13 விண்மீன் கொத்தை நோக்கியது. மறுமொழியை அனுப்பியவர் எவரும் காணப்போவதில்லை. அரெசிபோ தொலைநோக்கியே 2020இல் இடிந்து வீழ்ந்தது. மறுமொழி பெறாமலே நிறைவுறும் இலக்கிய வகையை வளர்த்த மொழியில், இந்நிகழ்வு ஒரு செய்யுளுக்கோ புதினத்துக்கோ உரிய பொருளாகப் பரவலாகக் கருதப்படாமை வியப்புக்குரியது.

5. பழமையில் கண்டெடுக்கும் பழக்கம்

இவ்வாறு தொல்காப்பியத்தையும் குறுந்தொகையையும் துணைக்கொள்வது, அவற்றில் வானியல் தேடல் உள்ளது என்று கூறுவதாகாது. திருவாசகத்துத் திருவண்டப்பகுதியில் நூறு கோடிக்கு மேற்பட்ட அண்டங்கள் பேசப்படுவதைக் கொண்டு 'வேற்றுலக உயிர்களை நம் முன்னோர் அறிந்திருந்தனர்' என எழுதும் வழக்கம் கருத்தரங்கக் கட்டுரைகளில் நிலைபெற்றுள்ளது. அப்பகுதி இறைவனின் பெருமையை அளவின்மையால் உணர்த்துவது; அண்டங்களின் கணக்கெடுப்பன்று. கேட்காத செய்தியைக் கேட்டதாகக் கூறுவது வானியலில் பிழையெனின் உரைமரபிலும் பிழையே.

புறநானூறு 30க்கு நேர்ந்தது இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய இப்பாடலின் முற்பகுதி, ஞாயிற்றின் இயக்கத்தையும் காற்றின் திசையையும் வெற்று வானத்தையும் அளந்தறிந்தார் போலக் கூறுவோர் உள்ளமையைச் சொல்கிறது. தமிழர் வானியலுக்கு இதனைச் சான்று காட்டுவோர் பிற்பகுதியை விட்டுவிடுகின்றனர். அங்கேதான் பாடலின் கருத்து உள்ளது: யானை தன் கவுளில் அடக்கிய எறிகல்லைப் போல அரசனின் வலிமை மறைந்துள்ளது, வானத்தை அளப்பவராலும் அதனை அளக்க இயலாது. புலப்படாமை இன்மையாகாது என்பதையே இப்பாடல் கூறுகிறது.

6. பல்லாவரத்துக் கல்லும் மாடிகளின் அமைதியும்

1863ஆம் ஆண்டு மே 30 அன்று இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதற்கு முன் இந்தியாவில் பழைய கற்கால மாந்தர் வாழ்ந்தமைக்குச் சான்று ஏதும் அறியப்படவில்லை. கல் அன்று வந்ததன்று, அங்கேயே கிடந்தது. ஐரோப்பாவில் 1859ஆம் ஆண்டளவில் இத்தகைய கற்கள் மனிதக் கைவினை என ஏற்கப்பட்டபின், எதைப் பார்க்கவேண்டும் என்று அறிந்த கண் ஒன்று பல்லாவரத்துக்கு வந்தது. அதுவரை நிலவிய மௌனம் மண்ணினுடையதன்று, கேட்போருடையது.

ஏட்டு வரலாறும் இதனையே கூறுகிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டுகள் பயின்ற உ.வே. சாமிநாதையர், 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் வினவும்வரை சீவக சிந்தாமணியைப் படித்திருக்கவில்லை. 1887இல் அது அச்சேறியது. நூல் இருந்தது, பாடத்திட்டம் அதைக் கேட்கவில்லை. 1880க்கு முன் ஒருவர், தாம் பயின்ற நூல்களை மட்டும் வைத்துத் தமிழ்க் காப்பியங்களை எண்ணியிருப்பின் என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இவ்விரு நிகழ்வுகளும் கேட்போர் பக்கத்தைக் காட்டுகின்றன. கூறுவோர் பக்கத்தைக் காட்டப் புறநகரின் மாடிகளே போதும். 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. அவ்வலைகளின் ஒரு பகுதி விண்ணில் கசிந்து, இன்று ஏறத்தாழ 50 ஒளியாண்டுத் தொலைவை அடைந்திருக்கும். பால்வழித் திரளின் குறுக்களவோ ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டு. தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குன்றுவதால் அக்கசிவு இப்போது மிக மெலிந்திருக்கும். நம்மிடம் உள்ளவை போன்ற கருவிகளால் அவ்வளவு தொலைவில் அதனைக் கேட்பது அரிது. தாம்பரம், பல்லாவரம் பகுதி மாடிகளில் ஒருகாலத்தில் நிறைந்திருந்த அலுமினிய ஆண்டெனாக்கள் கம்பிவழித் தொலைக்காட்சியாலும் டிடிஎச் தட்டாலும் மறைந்தன. தூர்தர்ஷன் தன் தரைவழி அனலாக் ஒளிபரப்பிகளுள் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. செயற்கைக்கோள் புவியை நோக்கிப் பேசுகிறது. கண்ணாடி இழை நிலத்தடியில் பேசுகிறது. இந்நகர் அழியவில்லை, முன்னினும் மிகுதியாகப் பேசுகிறது. ஆனால் தொலைக்காட்சி அளவில், விண்ணிலிருந்து கேட்பவர்க்கு அது அமைதியாகி வருகிறது. ஒரு நாகரிகத்தின் அமைதி அதன் அழிவைக் காட்டும் என்னும் ஊகத்துக்கு இது எளிய மறுப்பு.

முடிவுரை

வேற்றுலகக் குறிகைகள் கிடைக்காமைக்கு மூன்று விளக்கங்கள் இன்றும் நிற்கின்றன: அனுப்புவோர் இல்லை, உள்ளனர், ஆனால் நாம் கேட்கும் முறையில் பேசவில்லை, பேசுகின்றனர், நாம் கேட்ட பரப்பு போதவில்லை. இவற்றுள் எதனையும் இக்கட்டுரை முடிந்த முடிபாகக் கூறவில்லை. முதல் விளக்கத்தை மட்டும் இயல்பானதாகத் தோன்றச் செய்யும் வருகைக் கதையும், கருதிச் செய்த குறிப்பென எல்லா அலையையும் உணர்த்தும் சொல்வழக்கும், கேளாததைக் கேட்டதாகக் கூறும் பழமைப் பெருமையும் தமிழ்ப் பேச்சில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்பதே இதன் கண்டறிதல்.

தமிழாய்வு இதிலிருந்து கொள்ளத்தக்க நெறி ஒன்றுண்டு. 'இந்நூலில் இது பேசப்படவில்லை. ஆகவே அக்காலத்தில் இது இல்லை' என்று எழுதுமுன் இரு வினாக்களுக்கு விடை கூறவேண்டும். இருந்திருப்பின் இந்நூல் கட்டாயம் பேசியிருக்குமா? பேசியிருப்பின் அது நமக்குக் கிடைத்திருக்குமா? இரண்டிற்கும் 'ஆம்' என்று நிறுவ இயன்றால் மட்டுமே மௌனம் சான்றாகும். தொகுக்கப்பட்டவற்றையும் எஞ்சியவற்றையும் மட்டும் கொண்டு சங்க காலத்தைப் பேசுகிறோம். நோக்கிய திசைகளை மட்டும் கொண்டு விண்ணைப் பேசுகிறோம். இரு துறைகளிலும் ஆய்வாளர் முதலில் பதிவுசெய்ய வேண்டியது எங்கே, எவ்வளவு, எதைக்கொண்டு தேடினோம் என்பதையே. 'இல்லை' என்பதை அதன் பின்னரே எழுதலாம்.